உட்கார்ந்தா மண்ணு... எந்திரிச்சா பாலு!

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. முருகன் காலண்டரில் மயில் கழுத்து நீலம் ஒரு பிசிறு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கண்ணை நம்பித்தான் போன பொங்கல் லீவில் நண்பனோடு இருக்கன்குடிக்கு பஸ் ஏறினேன்.

'அம்மனைக் கும்பிடப் போறான்' என்று வீட்டில் ஒரே சந்தோஷம். கும்பிட்டோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கழுத்தில் தொங்கியது பைனாகுலர்!

2015-லிருந்து வருஷா வருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணி எழுத வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் இதோடு ஒரு பந்தயமும் கட்டியிருந்தோம். நாற்பது வகை தேறினால் எண்ணெய் பரோட்டா என் செலவு. தேறாவிட்டால் அவன் செலவு.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற ஊர் இது. பக்கத்திலேயே நீர்த்தேக்கம். கரையில் கால் வைத்ததுமே எனக்கு யோகம். சேற்றோரம் பழுப்பு நிறத்தில், கோடு கோடாகக் கழுத்தோடு ஒன்று அசையாமல் நின்றது.

"மாப்ளே, குருகுடா! நாணலுக்குள்ளேயே ஒளிஞ்சு கிடக்குமே, அபூர்வம்!"

இரண்டடி வைத்தேன். பறந்தது பாருங்கள், தும்பைப் பூ மாதிரி வெள்ளை வெளேர்! பழுப்பு எங்கே போச்சு?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா பொக்கை வாயால் சிரித்தார். "குருட்டுக் கொக்கு தம்பி அது. உட்கார்ந்தா மண்ணு, எந்திரிச்சா பாலு. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

வெள்ளை இறக்கையை மடித்து, மேலே பழுப்பு முதுகைப் போர்த்திக்கொள்கிற பறவை அது. பக்கத்தில் போகும்வரை நகராது; அதனால்தான் 'குருடு' என்று பட்டம். உண்மையில் குருடு யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இனப்பெருக்க காலத்தில் அதே முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். ஆக, ஒரே கொக்கை மூன்று பறவையாக எழுதி பரோட்டா சாப்பிடலாம்!

மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது ஆகிவிட்டது. என் பர்ஸ் நடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் தண்ணீரோரம் தனியாக ஓர் உள்ளான்.

உள்ளான்கள் பறவை பார்ப்பவர்களின் ஜென்ம விரோதிகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இது உட் சேண்ட்பைப்பரா, கிரீன் சேண்ட்பைப்பரா? முதலாவதைக் காலையிலேயே எழுதியாயிற்று. இரண்டாவது என்றால் நாற்பது! கிரீன் என்றதும் பச்சையைத் தேடாதீர்கள். தூரத்தில் முதுகு கறுப்பாகத்தான் தெரியும். நிறத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுத்திருந்தால் கிரீன், வெளுத்திருந்தால் உட்.

"கிரீன்னு போட்ருவோம் மாப்ளே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் இரண்டுமே வடக்கே குளிர் தேசங்களில் குஞ்சு பொரித்து, கடுங்குளிருக்குத் தப்பி இத்தனை தூரம் வருகிற ஜீவன்கள். நாளைக்கு இவை குறைகின்றனவா, கூடுகின்றனவா என்று பார்க்க, நம்மைப் போன்றவர்கள் எழுதிய கணக்கைத்தான் புரட்டுவார்கள். அதில் பரோட்டாக் கணக்கைச் சேர்ப்பதா? இதை நான் சொன்னால் செலவுக்குப் பயந்து சொல்கிறேன் என்பான். பேசாமல் பைனாகுலரை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

தாத்தாவின் ஆடு ஒன்று தண்ணீருக்கு இறங்கியது. உள்ளான் கீச்சென்று கத்திக்கொண்டு எழும்பி, எங்கள் தலைக்கு மேலே போனது. சூரியன் கண்ணைக் கூசியதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

பைனாகுலரை இறக்கினான். என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெளுப்புதான்டா" என்றான்.

விருதுநகர் போய்ச் சேர ராத்திரியாகிவிட்டது. ஆளுக்கு நாலு பரோட்டா. ஐந்தாவதை நான் கேட்டபோதுதான் லேசாக முறைத்தான்.