பழைய நகைச்சுவை இன்று எடுபடுமா?

1968-ஆம் ஆண்டின் ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில், மாஸ்டர் பிள்ளை என்ற தென்னாட்டு இசையாசிரியராக மெஹ்மூத் தோன்றினார். அவர் பேசிய கொச்சை இந்தி வடநாட்டாரை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தது. பெங்களூரில் கன்னடத்தைத் தட்டுத் தடுமாறிப் பேசத் தொடங்கிய நமக்கு அச்சிரிப்பு சற்றே உறுத்தும்.

நம் படங்கள் மட்டும் என்ன செய்தன? இதே பெங்களூரில் பேருந்து நடத்துநராயிருந்து உயர்ந்த ரஜினிகாந்தின் ‘சிவாஜி’ (2007) படத்தில், பாரி மகளிராகிய அங்கவை, சங்கவை பெயர்களை இரு பெண்களுக்குச் சூட்டி, ஒப்பனையால் கருமை கூட்டி, நிறத்தையே கேலிப்பொருளாக்கினர். கண்டனமும் எழுந்தது.

இன்று அதனைச் சட்டம் தடுக்குமோ எனின், ஐயமே. உடற்குறையுடையோரை எள்ளும் காட்சிகள் தேவையின்றி இடம்பெறலாகாது என 1991-இன் தணிக்கை நெறிகளே கூறின, எள்ளல் ஓயவில்லை. மாற்றுத்திறனாளிகளின் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பகுத்துரைத்தது. நிறத்திற்கும் மொழிக்கும் அவ்வளவுகோல் பொருந்துமன்றோ?

மெஹ்மூதுக்காக மன்னா டே பாடிய போட்டிப் பாட்டை இன்றும் படமாக்கலாம். அதன் சுவை இசைக்குறும்பில் பிறந்தது. மொழிக் கேலியை நீக்கினாலும் குன்றாது. அங்கவை காட்சியிலோ, நிறத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை.