குழல் விளக்கை அணைத்துப் போட்டால் கரண்ட் கூடுமா?

“விளக்கை அணைத்து அணைத்துப் போடாதே! போடும்போதுதான் கரண்ட் அதிகமாக இழுக்கும்.”

பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரி மாணவர் முதல் கிள்ளான் தாமான் வீட்டுப் பாட்டி வரை பலரும் நம்பும் செய்தி இது. மாணவர்களே, உங்கள் அறிவியல் பாடத்தைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கடைகளில் ‘கலிமந்தாங்’ என்று கேட்டு வாங்கும் குழல் விளக்கின் இரு முனைகளிலும் சிறு மின்னிழைகள் உள்ளன. சுவிட்சைத் தட்டியதும் ஸ்டார்ட்டர் வழியே மின்சாரம் ஓடி அவற்றைச் சூடாக்கும். ஸ்டார்ட்டர் துண்டிக்கும் நொடியில் சோக் உயர் மின்னழுத்தத்தை எழுப்ப, குழலுக்குள் உள்ள பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்து புறஊதாக் கதிர் பிறக்கிறது. உட்புற வெள்ளைப் பூச்சு அக்கதிரை நாம் காணும் வெளிச்சமாக மாற்றுகிறது.

தொடக்கத்தில் மின்னோட்டம் சற்றுக் கூடுவது உண்மைதான். ஆனால் சோக் அதை அளவோடு நிறுத்திவிடுகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல், விளக்கு சில நொடிகள் எரிவதற்குச் சமம். அவ்வளவே! ஆக, பாட்டியின் காரணம் தவறு. ஆனால் அறிவுரையில் பாதி சரி. ஒவ்வொரு முறை போடும்போதும் மின்னிழையின் பூச்சு கொஞ்சம் தேய்கிறது. குழலின் முனைகள் கறுத்துப்போவது அதனால்தான். கால் மணி நேரத்துக்கு மேல் அறையில் இருக்கப்போவதில்லை என்றால் அணையுங்கள். தண்ணீர் குடிக்கப் போவதற்கெல்லாம் அணைக்க வேண்டாம்.

இனி கணக்கு. நான்கு அடிக் குழலில் 36 வாட் என்று அச்சிட்டிருக்கும். பழைய கனமான சோக் மேலும் 9 வாட் அளவுக்கு வெப்பமாக வீணாக்கும். மொத்தம் 45 வாட். தினம் 6 மணி நேரம் எரிந்தால் மாதம் 8.1 யூனிட். அதே இடத்தில் 18 வாட் எல்இடி குழல் 3.24 யூனிட்தான் எடுக்கும். நான்கு விளக்குகள் உள்ள வீட்டில் மாதம் 19 யூனிட் மிச்சம். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கனத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்கான தள்ளுபடியும் கூடும்.

அதற்காக, விளக்கை மாற்றினால் பில் பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறத்தாழ 800 வாட் இழுக்கும் ஏர்கோன் ஒரு மணி நேரம் முழுவீச்சில் ஓடினால், குழல் விளக்கை 17 மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம்!

நம் வரிசை வீடுகளில் வேறொரு சிக்கல். முன்னாலும் பின்னாலும்தான் சன்னல். நடுப்பகுதி பட்டப்பகலிலும் இருட்டு. அங்கே மேசையைப் போட்டுப் படித்தால் பகல் முழுவதும் விளக்கு எரியும். மேசையை முன்னறைச் சன்னலோரம் நகர்த்துங்கள், செலவே இல்லை. இரவில் படிக்க, கூரையில் இரண்டு குழல்களை எரிப்பதைவிட, புத்தகத்தருகே 7 வாட் மேசை விளக்கு ஒன்று மேல். தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறைகிறதல்லவா? வலக்கையால் எழுதுபவர் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கை நிழல் தாளில் விழாது.

குழல் விட்டுவிட்டு மின்னினால் உடனே குழலை மாற்றாமல், முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள். அதன் விலை மிகக் குறைவு. எல்இடிக்கு மாறும்போது பெட்டியோடு வரும் எல்இடி ஸ்டார்ட்டரையே போட வேண்டும். பழையதை விட்டுவைக்கக் கூடாது. எலக்ட்ரானிக் சோக் உள்ள விளக்கென்றால் வயரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். அது தகுதிபெற்ற வயர்மேனின் வேலை, உங்களுடையது அல்ல.

கழற்றிய குழலை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள்; உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. கைதவறி உடைந்தால் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தைத் தொடாமல், கையுறை அணிந்து தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, துகள்களை ஒட்டுநாடாவால் எடுத்து, மூடியுள்ள புட்டியில் போடுங்கள். இந்தப் பாதரசத்தின் காரணமாகவே, 2027 முடிவுக்குள் குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவெடுத்தன.