ஒரு கூரை, மூன்று வாசல்கள்

திரைப்படம் பார்ப்பது பாவமா என்னும் கேள்வி நம் பங்குக் குடும்பங்களில் இன்னும் எழுவதுண்டு. அதைப்பற்றி வாதிடுமுன், திரையரங்கு நம்மிடையே வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோமாயின், நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்பது விளங்கும்.

இயேசுவின் வாழ்வைக் காட்டிய கூடாரம்

தென்னகத்து ஊர்களுக்குச் சலனப்படத்தை எடுத்துச் சென்ற முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் இரயில்வே பணியாளராயிருந்த இவர், 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கினார். இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைக் கூறும் ஊமைப்படத்தை ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். பின்னர் 1914-இல் நமது கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். அப்பெயரை அங்குள்ள சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

அதன்பின் நெடுங்காலம், ஊருக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு படம் என்பதே வழக்கம். டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்தவரும், நாற்காலியில் சாய்ந்தவரும் ஒரே கதைக்குச் சிரித்தனர். ஒரே கதைக்கு அழுதனர்.

சென்னையில் மூன்று மணிகள்

1964-இல் கடற்கரை நகரமாகிய சென்னையில் இந்நிலை மாறிற்று. அண்ணா சாலையில், அந்நாளைய மவுண்ட் ரோட்டில், சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மணிகளின் பெயர் பூண்ட மூன்று அரங்குகள் ஒரே வளாகத்தில் எழுந்தன. இந்தியாவின் முதல் பல்திரை வளாகம் என்று பலரும் இதனையே கூறுவர். புளூ டைமண்டில் தொடர் காட்சி நடைபெற்றது. சீட்டு வாங்கியவர் எந்நேரமும் உள்ளே நுழையலாம். படத்தின் நடுவில் வந்தவர் மறுமுறை தொடக்கத்திலிருந்து பார்த்துச் செல்லலாம்.

பல்திரை வளாகத்தின் சூத்திரம் எளிது. வாகன நிறுத்தம், சிற்றுண்டிச்சாலை யாவும் எல்லா அரங்குகளுக்கும் பொது. கூட்டம் குறைந்த படத்தைப் பெரிய அரங்கிலிருந்து சிறியதற்கு மாற்றலாம். எனவே மற்றோரும் இவ்வழியைப் பின்பற்றினர். 1970-இல் அதே சாலையில் தேவி வளாகமும், 1974-இல் இராயப்பேட்டையில் பின்னாளில் சத்தியம் எனப் பெயர் பெற்ற வளாகமும் தோன்றின. முன்னோடியான சஃபையரோ 1990-களில் மூடப்பட்டு, இடிக்கப்பட்டது. சத்தியம் 2018-இல் பி.வி.ஆர். நிறுவனத்தின் கைக்கு மாறிற்று.

கட்டடங்கள் வரும், போகும். ஆனால் ஒரு கூரையின்கீழ் மூன்று வாசல்களைத் திறந்துவைத்த அந்நாளிலேயே, ‘எந்த வாசலில் நுழைவது?’ என்னும் பொறுப்பு பார்ப்பவர்மீது விழுந்துவிட்டது.

திருச்சபை கூறுவது என்ன?

சஃபையர் திறக்கப்படுவதற்கு முந்திய ஆண்டில், 1963 டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. இச்சாதனங்களைத் திருச்சபை வெறுத்து ஒதுக்கவில்லை. நல்ல படங்களை ஆதரிக்குமாறே தூண்டியது. அதே வேளையில், தாமே விரும்பித் தெரிந்துகொள்வதால் பார்ப்பவருக்கும் கடமை உண்டென்றும், தீயவை வீட்டினுள் நுழையாவண்ணம் காப்பது பெற்றோரின் பொறுப்பென்றும் தெளிவாக உரைத்தது. சினிமா நூற்றாண்டு கண்ட 1995-இல், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உலகத் தொடர்பு நாள் செய்தியைத் திரைப்படத்தைப் பற்றியே வழங்கினார்.

நம் இல்லங்களின் வாசல்

இன்றோ மூன்று வாசல்கள் ஆயிரமாகி, ஒவ்வொருவர் கைப்பேசியிலும் திறந்து கிடக்கின்றன. மூலனூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குச் சென்று உழைக்கும் தந்தையும் தாயும், சனிக்கிழமைக் கூலியுடன் களைத்து இல்லம் திரும்புகின்றனர். கிடைப்பது ஒரு ஞாயிறு. அன்றும் தந்தை ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில், பிள்ளைகள் வேறு மூலையில் தனித்தனித் திரையை நோக்கியிருப்பின், அது ஒரு கூரையின்கீழ் நடக்கும் பல்திரை வளாகமேயன்றிக் குடும்பமாகுமோ?

பெற்றோரே! ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பிள்ளைகளோடு கூடியமர்ந்து, நல்ல படம் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதனை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும், ‘இதில் யார் செய்தது சரி? யார் செய்தது தவறு?’ என்று வினவுங்கள். பிள்ளைகளின் விடை உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடும். பிற்காலத்தில் அவர்கள் தனியே ஒரு வாசலின்முன் நிற்கும்போது, அந்தச் சிறு உரையாடலே அவர்களுக்கு வழிகாட்டும்.