ஐப்பெரிக்கம் மைசூரென்சு

ஐப்பெரிக்கம் மைசூரென்சு என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உயர்மலைகளில் இயற்கையாக வளரும், மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட புதர்ச்செடி ஆகும். இது ஐப்பெரிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

பரவல்

நீலகிரி, பழனி மலை, மூணாற்றை அடுத்த இரவிகுளம், இலங்கையின் ஓர்ட்டன் சமவெளி ஆகிய இடங்களில், பொதுவாக 1,500 மீட்டருக்கு மேல், புல்வெளிகளிலும் சோலைக்காடுகளின் ஓரங்களிலும் காணப்படுகிறது. குச்சனூர் போன்ற கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளி ஊர்களில் இது வளர்வதில்லை. அங்கு வறண்ட நிலங்களில் மஞ்சளாகப் பூப்பது ஆவாரை ஆகும். ஆவாரையின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்த கூட்டிலை. இச்செடியின் இலை பிரிவற்ற தனியிலை.

இனங்காணல்

இலைகள் காம்பின்றி எதிரெதிராக அமைந்திருக்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவும் நுண்ணிய சுரப்பிப் புள்ளிகள் தெரியும். பூ பெரியது. விரிந்த 5 இதழ்களும், நடுவில் 5 கற்றைகளாக அமைந்த ஏராளமான மகரந்தத்தாள்களும், 5 சூல்தண்டுகளும் இருக்கும். கனி வெடிகனி ஆகும்.

இதே பேரினத்தைச் சேர்ந்த ஐப்பெரிக்கம் ஊக்கரியானத்தின் பூ கிண்ணம் போன்று குவிந்தும், மகரந்தத்தாள்கள் குட்டையாகவும் இருக்கும்.

அயல் செடிகளுடன் குழப்பம்

ஐரோப்பியர் கொண்டுவந்த யூலெக்சு ஐரோப்பேயசு, சைட்டிசசு இசுக்கோப்பேரியசு ஆகிய இரு புதர்களும் நீலகிரியில் மஞ்சளாகப் பூக்கின்றன. யூலெக்சு ஓர்ட்டன் சமவெளியிலும் பரவியுள்ளது. இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, புல்வெளிகளை ஆக்கிரமிப்பவை. இவற்றின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் முளைதிறனுடன் இருக்கும். எனவே ஒருமுறை வெட்டினாலும் மீண்டும் முளைக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. இத்தகைய பணிகளில் பூவின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தால் இயல்செடியும் பிடுங்கப்படக்கூடும். பின்வரும் வேறுபாடுகள் இதைத் தவிர்க்க உதவும்:

* யூலெக்சு: செடி முழுவதும் கூர்முட்கள், பூ அவரைப்பூ வடிவம்.
* சைட்டிசசு: முள் இல்லை, துடைப்பம் போன்ற பச்சைநிறக் கிளைகள், பூ அவரைப்பூ வடிவம்.
* ஐப்பெரிக்கம் மைசூரென்சு: முள் இல்லை, அகன்ற எதிரிலைகள், ஐந்து இதழ்கள் விரிந்த பூ.

பூ இல்லாத காலத்தில் எதிரிலை அமைப்பும் ஒளிப்புள்ளிகளும் போதிய அடையாளங்கள் ஆகும். பழைய கனி எஞ்சியிருந்தால் அதுவும் உதவும்: அயல் செடிகள் இரண்டிலும் கனி, அவரை போன்ற காய் ஆகும்.