கோதையாறு சொல்லும் மின்சாரக் கணக்கு

பெருக்கத் தெரியுமா? வகுக்கத் தெரியுமா? அது போதும். வீட்டில் ஓடும் மின்சாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒயர் கருகிய வீடுகள் உண்டு. உயிர் போன வீடுகளும் உண்டு!

கணக்கைச் சொல்லித்தரக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒரு வாத்தியார் இருக்கிறார். அவர்தான் கோதையாறு!

தண்ணீரும் மின்சாரமும்

கோதையாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறு. மலைமேல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பெரிய குழாய் வழியாகக் கீழே பாய்ந்து, மின்சார நிலையத்தின் சக்கரத்தைச் சுற்றுகிறது. இங்கே இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றின் சக்தி 60 மெகாவாட். மற்றொன்றின் சக்தி 40 மெகாவாட். 1970-ஆம் ஆண்டை ஒட்டி இவை வேலை செய்யத் தொடங்கின.

மின்சாரம் தந்த பிறகும் தண்ணீர் வீண் போவது இல்லை. பேச்சிப்பாறை அணைக்கு வந்து சேருகிறது. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1906-ல் கட்டி முடித்த அணை அது. அங்கிருந்து கால்வாய் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போகிறது. ஒரே தண்ணீர் விளக்கையும் எரிக்கிறது; நெல்லையும் விளைவிக்கிறது!

தண்ணீர் அதிக உயரத்தில் இருந்து விழுந்தால் அழுத்தம் அதிகம். மின்சாரத்தில் இந்த அழுத்தத்துக்கு "வோல்ட்" என்று பெயர். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதற்கு "ஆம்பியர்" என்று பெயர். கால்வாயில் பாசியும் செடியும் மண்டினால் ஓட்டம் தடைப்படும் அல்லவா? அதுபோல மின்சாரத்தின் ஓட்டத்துக்கும் தடை உண்டு. அந்தத் தடையின் அளவு "ஓம்".

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஓம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தார். 1827-ல் தமது விதியை அவர் புத்தகமாக வெளியிட்டார். முதலில் அதைப் பலர் மதிக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. இன்று உலகம் முழுவதும் அவர் பெயரால்தான் தடையை அளக்கிறார்கள்!

இரண்டே கணக்குகள்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி கிடைக்கும். சக்தியின் அளவு "வாட்".

இந்தியாவில் வீடுகளுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். ஓர் இஸ்திரிப் பெட்டியில் 4 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தடை: 230 ÷ 4 = 57½ ஓம்.

சக்தி: 230 × 4 = 920 வாட்.

1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஆகவே இந்தப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாகிக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய 1 யூனிட் செலவாகும்.

மாலையில் சில ஊர்களில் "கரண்ட் மங்கலாக வருகிறது" என்பார்கள். அழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் என்ன ஆகும்? பெட்டியின் தடை மாறுவது இல்லை. 180-ஐ 57½-ஆல் வகுத்தால் 3 ஆம்பியருக்குச் சற்று அதிகம். சக்தி சுமார் 560 வாட்தான்! சட்டையின் சுருக்கம் போகவில்லை என்றால் பெட்டி மீது குற்றம் இல்லை.

ஒயர் ஏன் கருகுகிறது?

சிறிய பிளக்கில் 6 ஆம்பியர் என்று எழுதி இருக்கும். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அதன் எல்லை அவ்வளவுதான். அதில் 920 வாட் இஸ்திரிப் பெட்டியையும், 1,500 வாட் வெந்நீர் ஹீட்டரையும் சேர்த்து மாட்டினால் ஓட்டம் 10½ ஆம்பியரைத் தொடும்!

ஒயருக்கும் சிறிது தடை உண்டு. அதனால் அது சூடாகும். ஓட்டம் இரண்டு மடங்கு ஆனால், சூடு நான்கு மடங்கு ஆகும். ஆபத்து வருவதற்கு முன்பு தான் உருகி, வீட்டைக் காப்பாற்றுவதுதான் பீஸ் கம்பியின் வேலை. பீஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்தால், பீஸ் உருகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர் கருகும்!

ஈரக் கை, எமன் கை

உலர்ந்த தோலுக்குத் தடை அதிகம். நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு சிறு பல்பை எரிக்கும் ஓட்டம்தான். ஆனால் இதயத்தை நிறுத்த அது போதும்! வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்ற காவல் சுவிட்ச், 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சுவர் நனையும், தரை நனையும். எனவே ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மின்சாரச் சாமான்களை எடுக்கக் கூடாது. பழுது பார்க்கும்முன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

புதுச் சாமான் வாங்கினால் அதன்மேல் எழுதி இருக்கும் வாட் அளவைப் படியுங்கள். அதை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற விடை, பிளக்கில் எழுதி இருக்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. ஒரு நிமிடக் கணக்கு, ஒரு குடும்பத்தைக் காக்கும்!