விசையை விட்டால் திரும்பாது: ஜெட் ஸ்கீயின் இன்பமும் எதிர்காலமும்

கடலில் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியுமா? ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒருவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று ஜொகூர் மாநிலக் கடற்கரைகளுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி. கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே ஜொகூர் நீரிணை, மேற்கே மலாக்கா நீரிணை என்று மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த மாநிலம் ஜொகூர். 2011-ஆம் ஆண்டில் செனாய் - டெசாரு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, ஜொகூர் பாரு, ஸ்கூடாய், கூலாய் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு டெசாரு கடற்கரை ஒரு காலைப் பயணமாகிவிட்டது.

கடற்கரைக்குப் போனால் பிள்ளைகளின் கண் முதலில் ஜெட் ஸ்கீயின் மீதுதான் விழும். “ஒரே ஒரு சுற்று” என்று அவர்கள் கெஞ்சுவார்கள். பெற்றோர் தயங்குவார்கள். பிள்ளைகளின் ஆசையும் நியாயமானது. பெற்றோரின் தயக்கமும் நியாயமானது. இந்த இரண்டுக்கும் இடையில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள்ளன.

எப்படி வந்தது இந்த வண்டி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கிளேட்டன் ஜேக்கப்சன் ஒரு மோட்டார் சைக்கிள் பிரியர். பாலைவனத்தில் வண்டி ஓட்டி, விழுந்து, சிராய்ப்புகளோடு எழுந்த அவருக்கு ஒரு யோசனை வந்தது. கரடுமுரடான தரையில் விழுவதற்குப் பதிலாகத் தண்ணீரில் விழுந்தால் என்ன? 1960-களில் அவர் செய்து பார்த்த முயற்சிகளிலிருந்து பிறந்ததுதான் இந்த வண்டி. 1968-இல் கனடாவின் பொம்பார்டியே நிறுவனம் ‘சீ-டூ’ என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. அது அப்போது சரியாக விற்கவில்லை. பிறகு ஜப்பானின் கவாசாக்கி நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் நின்றுகொண்டு ஓட்டும் ‘ஜெட் ஸ்கீ’யைக் கொண்டுவந்தது. உண்மையில் ஜெட் ஸ்கீ என்பது கவாசாக்கியின் வணிகப் பெயர். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் மக்கள் அந்தப் பெயராலேயே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் யமஹாவின் உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள் வந்தன. இருவர், மூவர் சேர்ந்து போகலாம் என்றானதும் இது ஒரு குடும்பப் பொழுதுபோக்காக மாறியது.

இதில் அப்படி என்ன இன்பம்?

படகில் போகிறவர் நீருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். ஜெட் ஸ்கீயில் போகிறவரோ நீரோடு போகிறார். ஒவ்வோர் அலையும் முழங்காலுக்கும் முதுகுக்கும் தெரியும். முகத்தில் உப்புநீர் தெறிக்கும். உடலைச் சாய்த்தால் வண்டி சாயும். விழுந்தாலும் பெரும்பாலும் நனைவதோடு சரி. சிரித்துக்கொண்டே மீண்டும் ஏறலாம். வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் அடைபட்டுக் கிடப்பவருக்கு அரை மணி நேரத்தில் மனம் லேசாகிவிடுகிறது. தொடர்ந்து ஓட்டுகிறவர்கள் இதை ஒரு பயிற்சியாகவே பார்க்கிறார்கள். கால், இடுப்பு, தோள் மூன்றும் வேலை செய்கின்றன. அலையைப் படிக்கும் கண்ணும் வளர்கிறது.

அது வெறும் விளையாட்டுப் பொருளாகவும் நின்றுவிடவில்லை. ஹவாய் தீவுகளின் உயிர்காப்பாளர்கள் பின்னால் ஒரு மிதவைப் பலகையைக் கட்டி, பேரலைகளுக்கு நடுவே சிக்கியவர்களை இதே வண்டியால் மீட்கிறார்கள். திறமையானவர் கையில் அது உயிர்காக்கும் கருவி. திறமையற்றவர் கையில்?

விசையை விட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று இருக்கிறது. ஜெட் ஸ்கீக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றாடி கிடையாது. படகுக்கு இருப்பது போன்ற சுக்கானும் கிடையாது. வண்டியின் அடியில் உள்ள வாய் வழியாக நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் விசிறியால் அழுத்தி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. நீர் பின்னால் பாய, வண்டி முன்னால் பாய்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் அந்தப் பின்பக்கக் குழாய்தான் இடமோ வலமோ திரும்புகிறது.

அப்படியென்றால் நீர் பீய்ச்சாதபோது? வண்டி திரும்பாது.

காரிலோ மோட்டார் சைக்கிளிலோ ஆபத்து எதிரே வந்தால் எண்ணெயை விட்டுவிட்டு, பிரேக்கை அழுத்தி, ஒதுங்குகிறோம். பல ஆண்டுகளாகக் கைக்கும் காலுக்கும் பழகிப்போன பழக்கம் அது. ஜெட் ஸ்கீயில் அதே பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். எதிரே ஒருவர் நீந்துகிறார் என்று பயந்து விசையை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினால், வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறோம். சிந்தித்து முடிப்பதற்குள் ஒரு கூடைப்பந்துத் திடலின் நீளம் கடந்துபோயிருக்கும். ஒதுங்க வேண்டுமானால் ஓரளவு விசையைப் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும். முதல் தடவை ஏறுகிற ஒருவருக்கு இதை யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும்.

இந்தக் குறையை உணர்ந்த நிறுவனங்கள் மாற்று வழிகளைத் தேடின. சீ-டூ நிறுவனம் 2009-இல் பிரேக் வசதியுள்ள வண்டிகளை அறிமுகப்படுத்தியது. ஆனால், வாடகைக்குக் கிடைக்கும் எல்லா வண்டிகளிலும் அந்த வசதி இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

இன்னொரு முக்கியப் பொருள், ஓட்டுநரின் மணிக்கட்டிலோ மிதவை அங்கியிலோ மாட்டப்படும் சிறு கயிறு. ஓட்டுநர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். தொல்லையாக இருக்கிறது என்று சிலர் அதை மாட்டாமல் விடுகிறார்கள். கயிறு இல்லாவிட்டால், விழுந்தவரை விட்டுவிட்டு வண்டி ஓடிக்கொண்டே இருக்கக்கூடும்.

பின்னால் உட்காருபவரையும் கவனிக்க வேண்டும். திடீரென்று வேகம் எடுக்கும்போது அவர் பின்பக்கமாக விழுந்தால், குழாயிலிருந்து பாயும் நீரின் அழுத்தம் உடலின் உட்பாகங்களில் கடுமையான காயத்தை ஏற்படுத்தலாம். தடித்த நீர் விளையாட்டுக் கால்சட்டை அணியும்படி வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான். அழகுக்காக ஒட்டப்பட்ட தாள் என்று பலர் அதைப் படிப்பதே இல்லை.

ஜொகூர் நீர் எல்லாம் ஒன்றல்ல

ஜொகூரில் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறவர் எந்த நீரில் நிற்கிறார் என்பதை முதலில் அறிய வேண்டும். டெசாரு, மெர்சிங் பகுதிகள் திறந்த கடலைப் பார்த்தவை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அங்கே அலைகள் பெரிதாக எழும். அந்த மாதங்களில் கடல் விளையாட்டைத் தள்ளிவைப்பதே அறிவு.

ஜொகூர் நீரிணை வேறு வகை. பார்ப்பதற்கு ஏரி போல அமைதி. ஆனால், அது இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள குறுகிய நீர். 1924-இல் திறக்கப்பட்ட பாலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கும், மறுபக்கம் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கும் பெரிய கப்பல்கள் போகின்றன. பெரிய கப்பலின் தளத்திலிருந்து பார்க்கிறவருக்குச் சிறிய ஜெட் ஸ்கீ எளிதில் கண்ணில் படாது. கொஞ்சம் அசந்தால் எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூர்க் கடலோரக் காவல் படையின் முன் நிற்க வேண்டியிருக்கும். நீரில் மிதந்து வரும் பிளாஸ்டிக் பைகளும் தொல்லைதான். வண்டியின் உறிஞ்சும் வாயில் ஒரு பை சிக்கினால் போதும், நடுநீரில் நின்றுவிடும்.

அந்த நீரை நம்பி வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். ஓராங் செலேத்தார் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நீரிணையில் மீனும் சிப்பியும் எடுத்துப் பிழைக்கிறார்கள். ஒருவருக்கு அரை மணி நேரப் பொழுதுபோக்காக இருக்கும் இடம், இன்னொருவருக்கு அன்றாடச் சோறு போடும் இடம். வலைக்கு மேலும் சிப்பி வளர்ப்பு மிதவைகளுக்கு அருகிலும் வேகமாகப் பாய்வது அவர்களின் உழைப்பை மிதிப்பதாகும்.

கடற்பசுவின் வீடு

மெர்சிங் கடலில் ராவா, பெசார், திங்கி, சீபு முதலிய தீவுகளைச் சுற்றிய நீர் 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுல்தான் இஸ்கந்தர் கடல் பூங்கா என்பது அதன் பெயர். மலேசியக் கடல் பூங்காக்களில் நீர்ச்சறுக்கு, விசைப்படகுப் பந்தயம் போன்ற வேக விளையாட்டுகளுக்கு இடமில்லை. காரணம் பவளப் பாறைகள் மட்டுமல்ல. சீபு, திங்கி தீவுகளை ஒட்டிய கடற்புல் வெளிகள் கடற்பசுக்கள் மேயும் இடங்கள். மலாயில் டுயோங் என்பார்கள்.

கடற்பசு மெதுவாக நகரும் சாதுவான பிராணி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் வேகமாக வரும் வண்டியிலிருந்து அதனால் தப்ப முடியாது. தமிழ்நாட்டு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கே தமிழர்கள் காக்க முற்பட்ட அதே பிராணிதான் இங்கே ஜொகூர்க் கடலிலும் மேய்கிறது.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

ஜெட் ஸ்கீயின் எதிர்காலத்தை இயந்திரம் மட்டும் முடிவு செய்வதில்லை. கரையில் நிற்பவர்களும் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சான் வான் தீவுக் கூட்டம் 1996-இல் தன் நீர்ப்பகுதியில் ஜெட் ஸ்கீகளைத் தடை செய்தது. ஓட்டுகிறவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2000-இல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையும் பெரும்பாலான பூங்காக்களில் அவற்றுக்குத் தடை விதித்தது.

பிரிட்டனில் வேறு கதை. ஜெட் ஸ்கீயைக் கப்பல் என்று கருத முடியாது என 2005-இல் நீதிமன்றம் கூறிவிட்டதால், ஆபத்தாக ஓட்டியவர்கள் மீது கப்பல் சட்டம் பாயவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2023-இல் புதிய ஆணை வந்தது. இப்போது அங்கே ஆபத்தாக ஓட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அருகில் உள்ள சிங்கப்பூரில் ஜெட் ஸ்கீ ஓட்ட உரிமம் வேண்டும்.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? சிலர் கட்டுப்பாடில்லாமல் ஓட்டியதற்கு எல்லாரும் விலை கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்காக ஓட்டியவரும் தம் இடத்தை இழந்திருக்கிறார்.

இயந்திரம் மாறுகிறது

பழைய டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கு வரை எரிக்காமலே நீரில் விட்டன. சத்தமும் அதிகம். 2002-ஆம் ஆண்டு மாடலாக யமஹா ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் திரும்பின. புகையும் எண்ணெய்க் கசிவும் வெகுவாகக் குறைந்தன. அடுத்தது மின்சார வண்டி. கனடாவின் தைகா நிறுவனம் மின்சார ஜெட் ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால், 2024-இல் அது கடன் நெருக்கடியில் சிக்கி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. மின்கலத்தின் விலையும் அது தாங்கும் நேரமும் இன்னும் தடைகளாகவே உள்ளன. இருந்தாலும் சத்தமில்லாத, புகையில்லாத வண்டியை நோக்கிய பயணம் தொடங்கிவிட்டது.

விளையாட்டு என்ற முறையிலும் மதிப்பு கூடியிருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெட் ஸ்கீக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. தாய்லாந்தின் பட்டாயா உலகப் போட்டிகள் நடக்கும் இடமாகிவிட்டது. புதிய வண்டியின் விலை ஒரு காரின் விலையை எட்டும் என்பதால் சொந்தமாக வாங்குவது எல்லாருக்கும் முடியாது. அதனால் பெரும்பாலானோர் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டுவார்கள். அங்கேதான் கவனம் அதிகம் தேவை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

வாடகைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இந்த வண்டிக்கும் இந்தத் தொழிலுக்கும் உரிமம் இருக்கிறதா? உடம்புக்குப் பொருந்தும் மிதவை அங்கி உண்டா? மணிக்கட்டுக் கயிறு வேலை செய்கிறதா? நீந்துகிறவர்களின் இடம் எங்கே முடிகிறது? விழுந்தால் யார், எதில் வந்து மீட்பார்கள்? விசையை விட்டால் திரும்பாது என்பதை ஓட்டுகிறவருக்குச் சொல்லித் தந்தார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் திரும்பி வந்துவிடுவதே நல்லது. மது அருந்தியவர் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது. சிறு பிள்ளையைத் தனியாக ஓட்டவிடக் கூடாது. இடுப்பளவு ஆழமாவது இல்லாத நீரில் என்ஜினை முடுக்கக் கூடாது. மணலும் கல்லும் உள்ளே போகும். ஆபத்து நேர்ந்தால் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

தொடர்ந்து ஓட்டும் ஆர்வலர்களுக்கு இன்னும் பெரிய பொறுப்பு இருக்கிறது. கரையை ஒட்டி மெதுவாகப் போவது, குளிக்கிறவர்களிடமிருந்து தூரம் காப்பது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சத்தம் எழுப்பாமல் இருப்பது, புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய் தன் பிள்ளையைப் பயமில்லாமல் தண்ணீரில் இறங்கவிடும் வரையில், அந்தக் கடற்கரையில் ஜெட் ஸ்கீக்கும் இடம் இருக்கும்.