பிரிக்கவும் தெரிய வேண்டும்

தைக்கத் தெரிந்தவரைப் பாராட்டும் உலகம், தைத்ததைப் பிரிக்கத் தெரிந்தவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரிலே துன்னகாரருக்கு இடமுண்டு. பொருநராற்றுப்படையிலே, வேற்று நூல்கள் ஊடுருவித் தைத்த கந்தலை உடுத்திருந்த பொருநனைக் காண்கிறோம். ஆயின், தையலைப் பிரிக்கும் கருவிக்கு நம் மொழியிலே நிலைத்த பெயர் ஒன்று இல்லை. சிலர் ஆங்கிலப் பெயரால் 'சீம் ரிப்பர்' என்பர்; பலர் 'தையல் பிரிக்கிறது' என்று சொல்லி அமைவர். பெயர் நிலைக்காத அந்தச் சிறு கருவியைப் பற்றியே இங்கு சில கூற விழைகின்றோம்.

அதன் அருமையை அறிய டயகமவுக்கு வரவேண்டும். ஹோட்டன் சமவெளியின் அடியிலே, ஆக்ரா ஓயா இறங்கிவரும் பள்ளத்தாக்கிலே பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டப் பகுதி அது. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்குகின்றது. ஆனால் வருவது துணி, உடையன்று. அதை வெட்டித் தைக்கும் பொறுப்பு வீட்டாருடையது. வளரும் பிள்ளை ஆயிற்றே என்று எண்ணும் தாய், கவுணின் கீழ்மடிப்பிலே மூன்று விரற்கடைத் துணியை உள்ளே ஒளித்துத் தைக்கிறாள். பிள்ளை வளர்ந்ததும் அம்மடிப்பைப் பிரித்து இறக்குகிறாள். அக்காளின் கவுண் தங்கைக்கு வரும்போது, பக்கத் தையலைப் பிரித்து ஒடுக்குகிறாள். ஒரு வெள்ளைத் துணி இவ்வாறு இரண்டு மூன்று பிறவி எடுக்கிறது. ஒவ்வொரு பிறவிக்கும் முன்னால் ஒரு பிரித்தல் உண்டு.

"மெதுவா பிரி புள்ள, துணி போயிடும்" என்ற எச்சரிக்கை லயத்துக் காம்பராக்களிலே எழுவது இதனாலேதான். வெள்ளைத் துணியிலே விழுந்த கீறல், எத்தனை நுட்பமாக இழையோட்டினாலும் கண்ணுக்குத் தெரியும். அதை உடுத்திக்கொண்டு வகுப்பிலே எழுந்து நிற்பவள் அந்தச் சிறுமி.

அரை பிளேடும் உரிய கருவியும்

நம் வீடுகளிலே பிரிக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் சவர பிளேடின் அரைத் துண்டு. அல்லது கத்தரிக்கோலின் நுனி. அரை பிளேடுக்கு நூல் எது, துணி எது, விரல் எது என்ற வேற்றுமை தெரியாது. உரிய கருவி அதை அறியும்படி அமைக்கப்பட்டது. அதற்கு இரு முனைகள் உண்டு. நீண்ட முனை கூரானது. தையலின் கீழே நுழைவது. குறுகிய முனையின் தலையிலே சிறு குமிழ் ஒன்று இருக்கும். துணியைக் குத்தாமற் காப்பது அது. இரண்டும் கூடும் வளைவிலேதான் வெட்டும் அலகு இருக்கின்றது. நூலை முனை தூக்குகிறது, வளைவு அறுக்கிறது, குமிழ் காக்கிறது. இத்துணைச் சிறு பொருளிலே இத்துணை முன்யோசனை!

வாங்கும்போது மூன்றை நோக்க வேண்டும். நுனி, நெருக்கமான தையலுக்குள்ளும் நுழையத்தக்கதாக மெலிந்திருக்க வேண்டும். பிடி, விரல்களுக்கிடையே உருளாத பருமன் உடையதாக வேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தையற் பொறியுடன் வரும் மெல்லிய கருவி என்றோ ஒருநாள் வேலைக்குப் போதும். பழஞ்சேலைத் துண்டுகளை இணைத்து ஒட்டுப் போர்வை தைப்பவருக்கு அது போதாது. அங்கே தையல் நெருக்கம், ஓரம் குறுகல். சற்றே இழுத்தாலும் குறுக்காக வெட்டிய துண்டு நெளிந்துவிடும்.

முடிச்சின் இயல்பு

பிரிப்பவர் தையலின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். 1830ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே உரிமம் பெற்ற பொறி, ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போட்டது. சாக்கு மூட்டையின் வாயிலே இன்றும் நாம் காண்பது சங்கிலித் தையலே. சரியான முனையைக் கண்டு இழுத்தால் சரசரவென்று முழுவதும் கழன்றுவிடும். 1846இலே எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் உரிமம் பெற்றது பூட்டுத் தையற் பொறி. மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவிலே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தையல் அது. இலங்கையிலே கோப்பி வீழ்ந்து தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1877இல் வந்த சிங்கர் பொறியும் இந்தப் பூட்டுத் தையலின் வழியதே. நம் வீட்டுப் பொறிகள் போடுவதும் இதுவே.

பூட்டுத் தையலை இழுத்துக் கழற்ற இயலாது. ஒரு பக்கத்திலே மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துச் செல்ல வேண்டும். பின்பு துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலை மெல்ல இழுத்தால், அது முழுதாகக் கையோடு வந்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளப் பழகிய விரல்களுக்கு இந்த நிதானத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. அவற்றுக்குக் குறைவாயிருப்பது நல்ல கருவி ஒன்றுதான்.

மாற்ற வேண்டிய வேளை

கத்தியைத் தீட்டுவோம், கத்தரிக்கோலைச் சாணை பிடிப்போம். இக்கருவியின் வளைந்த சிற்றலகைத் தீட்டுவது வீட்டிலே ஆகும் காரியமன்று. கூர் மழுங்கினால் மாற்றுவதே வழி. பருத்தி நூலினும் வலிய பொலியெஸ்டர் நூலே இன்று பெரிதும் வழங்குவதால், அலகின் உழைப்பும் மிகுந்துவிட்டது. டயகமவின் மழையும் பனிமூட்டமும் இரும்புக்கு நண்பர்கள் அல்லர். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மூடி வைத்தால் துரு அணுகாது.

நூல் ஒரே தொடுதலில் அறாமல், அறுவாள் போல இழுத்து இழுத்து அறுக்க நேர்ந்தால், அலகு முடிந்தது. நூலோடு துணியும் சுருங்கி எழுந்து வந்தால், முடிந்தே விட்டது. நுனி வளைந்தாலும், குமிழ் கழன்றாலும் அதனை ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதை லயத்து வாசலிலே எறிதல் ஆகாது. தடித்த தாளிலே சுற்றிக் கட்டி அகற்ற வேண்டும். அவ்வாசலிலே குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று மழுங்கியதை வைத்திருப்பது சிக்கனம் போலத் தோன்றும். நாட்சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டிலே அவ்வெண்ணம் எழுவது இயல்பே. அதைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். கூரான கருவிக்கு வலு வேண்டியதில்லை. மழுங்கிய கருவி கையின் வலுவைக் கேட்கிறது. வலு மிகுந்த கை வழுக்குகிறது. வழுக்கிய கருவி துணியைக் கிழிக்கிறது. சிறு கருவியின் விலையை மீதப்படுத்தப் போய், ஒரு பிள்ளையின் ஓராண்டுச் சீருடையை இழக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனையியல் வகுப்பிலே ஊசி பிடிக்கக் கற்பிக்கும்போது, பிரிக்கவும் கற்பியுங்கள். கோணல் விழுந்த தையலைக் கண்டு கண்கலங்கும் மாணவியின் கையிலே நல்ல கருவியைக் கொடுத்து, "இதைப் பிரித்துத் திரும்பவும் தைக்கலாம், மகளே" என்று சொல்லுங்கள். பிழையைத் துணி கெடாமல் நீக்க முடியும் என்று கண்டுகொண்டவள், அடுத்த தையலை அஞ்சாமல் தொடங்குவாள்.